வழியாக இருந்த ஆறு தடையான கதை: வங்கதேசம் சொல்லும் பொருளாதாரப் பாடம்

2022 ஜூன் 25 அன்று வங்கதேசம் ஒரு பாலத்தைத் திறந்தது. பத்மா ஆற்றின் குறுக்கே 6.15 கிலோமீட்டர் நீளம். மேல்தளத்தில் சாலை, கீழ்த்தளத்தில் ரயில் பாதை. நாடே அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது. ஒரு பாலத்துக்கு இத்தனை ஆரவாரமா என்று வெளியாருக்குத் தோன்றலாம். தலைநகர் டாக்காவிலிருந்து நாட்டின் தென்மேற்கிலுள்ள 21 மாவட்டங்களுக்கு நேர்வழியில் போக, அதுவரை ஆற்றங்கரையில் காத்திருந்து படகேறுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று அறிந்தால் அந்த மகிழ்ச்சி புரியும். நிலத்தின் அமைப்புதான் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை வடிவமைக்கிறது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். மலை என்றால் தடை, ஆறு என்றால் வளம், கடற்கரை என்றால் வணிகம் என்று அங்கே வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்தார்கள். வங்கதேசத்தின் வரலாறு அந்த வாய்ப்பாட்டைத் திருத்தச் சொல்கிறது. அதே ஆறுகள் படகுக் காலத்தில் நாட்டை இணைத்தன. ரயிலும் லாரியும் வந்த பிறகு நாட்டைப் பிரித்தன. நிலம் தரும் பலன் நாம் எதில் ஏறிப் பயணம் செய்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இதை மறந்து தீட்டப்படும் எந்தத் திட்டமும் பாதி வழியில் தடுமாறும்.

முதலில் அந்த நிலத்தைப் பார்ப்போம். இமயமலையின் தெற்குச் சரிவிலிருந்து கங்கையும், திபெத் வழியாகச் சுற்றிக்கொண்டு பிரம்மபுத்திராவும், வடகிழக்கு மலைகளின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு மேக்னாவும் இறங்கிவந்து கடலைச் சேரும் இடம் வங்கதேசம். இவை நீர் திரட்டும் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் வங்கதேசத்துக்குள் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அத்தனை நீரும் வடிவதற்கு இந்த ஒரு வாசல்தான். நீரோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலும் வருகிறது. நாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 12 மீட்டர் உயரம்கூட இல்லாத சமவெளி. 1998 வெள்ளத்தில் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நீருக்குள் கிடந்தது. கங்கைக்கு இங்கே பத்மா என்று பெயர், பிரம்மபுத்திராவுக்கு ஜமுனா. வடக்கிலிருந்து தெற்காக ஜமுனாவும், மேற்கிலிருந்து தென்கிழக்காகப் பத்மாவும் ஓடிச் சேர்வதால் நாடு மூன்று துண்டாகிறது. டாக்காவும் சட்டோகிராமும் உள்ள கிழக்கு, ராஜ்ஷாஹியும் ரங்க்பூரும் உள்ள வடமேற்கு, குல்னாவும் பரிசாலும் உள்ள தென்மேற்கு என்பவை அந்த மூன்று துண்டுகள்.

படகுதான் முதன்மை வாகனமாக இருந்தவரை இந்தப் பிரிவினைக்குப் பொருளே இல்லை. வண்டிச்சாலை போட முடியாத சேற்று நிலத்தில் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் தண்ணீர் வழி இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தை அளந்த ஜேம்ஸ் ரென்னல் ஆறுகளையும் கால்வாய்களையும் அத்தனை நுணுக்கமாக வரைந்ததற்குக் காரணம், வரியும் சரக்கும் படையும் நகர்ந்த பாதைகள் அவைதாம். பின்னர் உலகச் சந்தைக்குச் சணல் தேவைப்பட்டபோது இந்த நிலத்தின் எல்லாக் குணங்களும் ஒன்றுகூடி உதவின. சணல் வளர வண்டல் வேண்டும். அறுத்த தட்டைகளை ஊறப்போட்டு நார் உரிக்கத் தேங்கிய நீர் வேண்டும். பருத்த கட்டுகளைக் குறைந்த செலவில் கொண்டுசெல்லப் படகு வேண்டும். மூன்றும் ஒவ்வொரு விவசாயியின் வாசலிலும் இருந்தன. நாராயண்கஞ்ச் பெரும் சணல் சந்தையானது. 1862இல் கல்கத்தாவிலிருந்து குஷ்டியாவுக்கு வந்த ரயில் பாதை 1871இல் ஆற்றோரத்துக் கோவாலந்தோ வரை நீண்டது. அங்கே ரயிலிலிருந்து இறங்கியவர்கள் நீராவிக் கப்பலில் ஏறி நாராயண்கஞ்சுக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் ஆறும் ரயிலும் போட்டியாளர்கள் அல்ல, கூட்டாளிகள்.

ரயில் பாதைகள் பெருகியதும் நிலைமை மாறத் தொடங்கியது. ஜமுனாவுக்கு மேற்கே பெரும்பாலும் பிராட் கேஜ், கிழக்கே மீட்டர் கேஜ் என்று இரண்டு வலைப்பின்னல்கள் தனித்தனியாக வளர்ந்தன. இடையிலுள்ள ஆற்றைக் கடக்க முடியாததால் இரண்டையும் ஒன்றாக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் எழவில்லை. 1915இல் பத்மாவின் மேற்பகுதியில் கட்டப்பட்ட ஹார்டிஞ்ச் பாலம் வடமேற்கையும் தென்மேற்கையும் இணைத்தது. டாக்கா இருக்கும் கிழக்கு தனியாகவே நின்றது. ஆற்றின் குறுக்கே ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றிக் கடத்தினார்கள். லாரியும் பேருந்தும் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றங்கரைகளில் வரிசைகள் நீண்டன. படகுத்துறையில் மணிக்கணக்கிலும், பண்டிகைக் காலத்திலும் குளிர்காலப் பனிமூட்டத்திலும் நாள்கணக்கிலும் காத்திருப்பது இயல்பாகிப்போனது. காய்கறி ஏற்றிய லாரிக்கு இந்தக் காத்திருப்பு வெறும் தாமதம் அன்று, சரக்கே அழிந்துபோவது. எனவே வடமேற்கின் விவசாயி, அழுகும் பொருளைப் பயிரிட்டுத் தலைநகருக்கு அனுப்பத் துணியவில்லை; நெல்லோடு நின்றுகொண்டார். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வேலையும் கூலியும் இல்லாமல் ரங்க்பூர் வட்டாரத்தை வாட்டிய பருவப் பஞ்சத்தை அங்கே ‘மொங்கா’ என்பார்கள். அந்த வறுமைக்குக் காரணங்கள் பல. சந்தையும் தொழிற்சாலையும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது அவற்றில் முக்கியமான ஒன்று. நாட்டின் இயற்கை எரிவாயு வயல்களும் கிழக்கில்தான் இருந்தன. குழாய் ஆற்றைத் தாண்டும்வரை மேற்குக்கு அந்த மலிவான எரிபொருள் எட்டவில்லை. எரிபொருளும் துறைமுகமும் தலைநகரும் ஒரே கரையில் சேர்ந்தபோது தொழிலும் அந்தக் கரையிலேயே குவிந்தது.

அப்படியானால் பாலத்தை ஏன் முன்பே கட்டவில்லை? ஜமுனாவுக்குப் பாலம் வேண்டும் என்று அரசியல் தலைவர் மௌலானா பாஷானி குரல் எழுப்பியது 1949இல். பாலம் திறந்தது 1998 ஜூனில். இந்த அரை நூற்றாண்டுத் தாமதத்தை அரசியல் புறக்கணிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அகலமான ஆற்றுக்குப் பாலம் கட்டுவதைவிட, ஓரிடத்தில் நிற்காத ஆற்றுக்குக் கட்டுவது பல மடங்கு கடினம். ரென்னலின் வரைபடத்தில் பிரம்மபுத்திரா மைமன்சிங் பக்கமாகக் கிழக்கே ஓடுகிறது. 1787இன் பெருவெள்ளத்தை ஒட்டிய சில பத்தாண்டுகளில் அது தன் நீரின் பெரும்பகுதியை மேற்கே திருப்பிக்கொண்டு இன்றைய ஜமுனாவானது. அதன் பிறகும் அது அமைதியாக இல்லை. பல கிளைகளாகப் பிரிந்து, ‘சோர்’ எனப்படும் மணல் தீவுகளை உருவாக்கி, அழித்து, கரைகளை ஆண்டுதோறும் தின்றுகொண்டிருக்கிறது. பாலம் கட்டி முடிப்பதற்குள் ஆறு வேறு பக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்பது பொறியாளர்களின் உண்மையான கவலை. ஜமுனாவில் முதலில் இரு பக்கமும் வலுவான வழிகாட்டுக் கரைகளை எழுப்பி, மழைக்காலத்தில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் விரியும் ஆற்றை 4.8 கிலோமீட்டருக்குள் ஒடுக்கிய பிறகே அந்த அளவில் பாலம் அமைத்தார்கள். பத்மாவிலோ அடியில் பாறை எட்டவில்லை. வெள்ளக் காலத்தில் ஆறு தன் படுகையையே அறுபது மீட்டர் ஆழம்வரை அரித்துவிடக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அதனால் எஃகுப் பைல்களை 120 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறக்கவேண்டியிருந்தது.

நிலம் விதிக்கும் இன்னொரு செலவு வெளியே தெரிவதில்லை. வண்டலால் ஆன இந்த நாட்டில் கல் கிடையாது என்றே சொல்லலாம். வடக்கே தினாஜ்பூர் மாவட்டத்தில் ஆழத்திலிருந்து கருங்கல் எடுக்கும் சுரங்கம் ஒன்று உண்டு. நாட்டின் தேவைக்கு அது போதாது. இந்தியாவிலிருந்தும் பூட்டானிலிருந்தும் கல் வாங்குகிறார்கள். மீதிக்கு வயல் மண்ணை வெட்டிச் செங்கலாகச் சுட்டு, அந்தச் செங்கலை உடைத்து ஜல்லியாக்கிச் சாலைக்கும் காங்கிரீட்டுக்கும் போடுகிறார்கள். நம் ஊரில் மலையைக் குடைந்து எடுப்பதை அங்கே நெருப்பில் உருவாக்கவேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான சூளைகளின் புகை குளிர்காலத்தில் டாக்காவின் காற்றை நஞ்சாக்குகிறது. விளைநிலத்தின் மேல்மண் சூளைக்குப் போகிறது. இப்படிக் கிடைத்த ஜல்லியைக் கொண்டு போடும் சாலையையும் தரையோடு தரையாகப் போட முடியாது. வெள்ள மட்டத்துக்கு மேலே மண்ணைக் குவித்துக் கரையாக உயர்த்தி, கரை நீரோட்டத்தை மறிக்காதபடி அடிக்கடி மதகும் சிறுபாலமும் வைத்து, இளகிய மண் அமுங்கும்போதெல்லாம் செப்பனிட வேண்டும். ஒரு கிலோமீட்டர் சாலையின் விலை ஒவ்வொரு நாட்டிலும் ஏன் வேறுபடுகிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி காலடி மண்ணில் இருக்கிறது.

இத்தனை தடைகள் உள்ள நாட்டில் ஆயத்த ஆடைத் தொழில் எப்படி வளர்ந்தது என்ற கேள்வி இங்கே எழும். உலகின் முன்னணி ஆடை ஏற்றுமதி நாடுகளில் வங்கதேசம் ஒன்று. அதன் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அந்தத் தொழில் தருகிறது. ஏறத்தாழ 40 லட்சம் பேர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதில் வேலை செய்கிறார்கள். நிலத்தின் அமைப்பு பொருட்டே இல்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. கூர்ந்து பார்த்தால் நேர்மாறான முடிவே கிடைக்கிறது. இரும்பும் கல்லும் இல்லாத, கனமான சரக்கைத் தரைவழியே நகர்த்த முடியாத, ஆனால் வளமான வண்டலால் சதுர கிலோமீட்டருக்கு 1,100க்கும் மேற்பட்ட மக்களைத் தாங்குகிற நாட்டுக்கு ஏற்ற தொழில் எது? எடை குறைவாகவும் கைவேலை மிகுதியாகவும் உள்ள தொழில்தான். துணி கப்பலில் வருகிறது, தைத்த சட்டை கப்பலில் போகிறது. நாட்டுக்குள் அது நகரவேண்டிய தொலைவு டாக்காவிலிருந்து சட்டோகிராம் வரை சுமார் 250 கிலோமீட்டர். 1970களின் இறுதியில் தென்கொரிய டேவூ நிறுவனத்தோடு கைகோத்த தேஷ் கார்மென்ட்ஸ் போன்ற முன்னோடிகளின் துணிவும், வளர்ந்த நாடுகளின் இறக்குமதி ஒதுக்கீட்டு முறையும், ஏற்றுமதிக்கான மூலப்பொருளைச் சுங்கம் இல்லாமல் இறக்க அரசு தந்த அனுமதியும் தொழிலைத் தொடங்கிவைத்தன. அது எங்கே குவியும் என்பதை ஆறுகளே முடிவுசெய்தன. சணல் யுகம் முடிந்து ஆடை யுகம் வந்ததை நாராயண்கஞ்சின் ஆதம்ஜி ஆலையிலேயே காணலாம். 1951இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த மாபெரும் சணல் ஆலை 2002இல் மூடப்பட்டது. அந்த வளாகம் இன்று ஏற்றுமதித் தொழில் மண்டலம்.

கடல்வாசலிலும் இதே கதைதான். நாட்டின் கடல்வழி வணிகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கையாளும் சட்டோகிராம் துறைமுகம் கர்ணபுலி ஆற்றுக்குள் இருக்கிறது. பாய்மரக் காலத்தில் புயலிலிருந்து ஒதுங்க ஆற்றுத் துறைமுகம் பெரும் பாதுகாப்பு. கன்டெய்னர் காலத்தில் அதே ஆறு ஆழக் குறைவாகிறது. நீருக்குள் சுமார் 10 மீட்டருக்கு மேல் அமிழும் கப்பல் அங்கே நுழைய முடியாது. எனவே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் வங்கதேசச் சட்டைகள் முதலில் சிறிய ஃபீடர் கப்பலில் ஏறி, கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் கிளாங் ஆகிய துறைமுகங்களில் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. கிழக்கு மேற்குக் கடற்பாதைக்கு மிக அருகில் ஆழமான நீரோடு அமைந்த கொழும்பு, அண்டை நாடுகளின் சரக்கை மாற்றி ஏற்றியே வருமானம் ஈட்டுகிறது. ஒரு நாட்டின் ஆழமின்மை இன்னொரு நாட்டின் வாழ்வாதாரமாகிறது. இந்தச் செலவையும் நாள்களையும் மிச்சப்படுத்தத்தான் காக்ஸ் பஜார் மாவட்டத்தின் மாதர்பாரியில் ஜப்பானிய உதவியோடு ஆழ்கடல் துறைமுகத் திட்டம் நடக்கிறது.

இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு நெதர்லாந்து. அதுவும் ஆற்று முகத்துவார நாடு. அதன் பெரும்பகுதி தாழ்நிலம். கல் அங்கும் அரிது. இருந்தும் ரைன் ஆற்றின் வாயில் ரோட்டர்டாம் என்ற உலகத் துறைமுகத்தைக் கட்டி அது செல்வ நாடானது. அப்படியென்றால் வேறுபாடு மனிதர்களிடம்தானே என்று கேட்கலாம். மனிதர்களின் பங்கை மறுக்க வேண்டியதில்லை. கரைகளைப் பேணும் உள்ளூர் நீர் வாரியங்களை 13ஆம் நூற்றாண்டிலிருந்தே வளர்த்தெடுத்ததும், 1872இல் கடலுக்குப் புதிய நீர்வழி வெட்டியதும் டச்சுக்காரர்களின் சாதனை. ஆனால் இரண்டு ஆறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ரைனின் சராசரி நீரோட்டம் விநாடிக்குச் சுமார் 2,200 கன மீட்டர். பத்மா பாலத்தின் அடியில் வெள்ளக் காலத்தில் ஒரு லட்சம் கன மீட்டரைத் தாண்டும். ரைனுக்கு ஆல்ப்ஸின் பனியும் ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் நீர் தருகின்றன. பத்மாவிலோ பருவமழையின் சில மாதங்களில் ஆண்டின் பெரும்பகுதி நீர் பாய்கிறது. வண்டல் அளவில் ஒப்பீடே இல்லை. ரைனுக்குப் பின்னால் ஜெர்மனியின் ரூர் தொழில் வட்டாரம் திறந்து கிடக்கிறது. வங்கதேசத்துக்குப் பின்னால் இருப்பது 1947இல் போட்ட எல்லைக்கோடு. அசாமின் தேயிலையைச் சட்டோகிராமுக்குக் கொண்டுவரவே அசாம் வங்காள ரயில் பாதை போடப்பட்டது. எல்லை வந்ததும் அந்தத் தேயிலை சிலிகுரியின் குறுகிய நிலத்தைச் சுற்றிக்கொண்டு கொல்கத்தாவுக்குப் போகவேண்டியதாயிற்று. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் எஞ்சியிருந்த ரயில், ஆற்று வழிகளும் அடைபட்டன. துறைமுகத்துக்கு உரிய உள்நாட்டைப் பறித்தது நிலம் அன்று, அரசியல். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும்.

இரண்டாவது மறுப்பு ஊழல் பற்றியது. 2007இல் சுமார் 10,000 கோடி டாக்கா (வங்கதேச நாணயம்) என்று மதிப்பிட்ட பத்மா பாலம் 30,000 கோடி டாக்காவைத் தாண்டியே முடிந்தது. ஊழல் புகாரைக் காரணம் காட்டி உலக வங்கி 2012இல் 120 கோடி டாலர் கடனை ரத்துசெய்தது. அந்தப் புகாரின் மீது கனடாவில் நடந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2017இல் விடுதலையானார்கள். நாடு சொந்தப் பணத்தில் பாலத்தைக் கட்டி முடித்தது. செலவு மும்மடங்கானதில் வடிவமைப்பில் ரயில் சேர்க்கப்பட்டதற்கும் ஆற்றின் குணத்துக்கும் பங்கு உண்டு. நிர்வாகத் தாமதத்துக்கும் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் ஆற்றின் மேல் போடுவது ஆட்சியாளர்களுக்கு வசதியான சாக்கு. நிலம் ஒரு நாட்டுக்குக் குறைந்தபட்சச் செலவைத்தான் விதிக்கிறது. அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு காசுக்கும் மனிதர்களே பொறுப்பு. சமவெளியில் கல்லும் உறுதியான தரையும் உள்ள நாடு தவறான நிர்வாகத்தைச் சில காலம் தாங்கிக்கொள்ளும். ஆற்றின் மேல் வாழும் நாட்டுக்கு அந்த வசதி இல்லை. அங்கே நேர்மையான நிர்வாகம் மற்ற நாடுகளைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

மூன்றாவது மறுப்பு காலத்தோடு ஒட்டியது. பாலங்கள் வந்துவிட்டன, ஜமுனாவில் 2025இல் ரயிலுக்கெனத் தனிப் பாலமும் வந்துவிட்டது, இனி ஆறு ஒரு பொருட்டா என்பது அந்தக் கேள்வி. பலன்கள் உண்மையானவை. ஜமுனா பாலம் வாகனங்களோடு எரிவாயுக் குழாயையும் மின்தடத்தையும் ரயிலையும் சுமந்து மேற்கே கொண்டுசென்றது. வடமேற்கிலுள்ள போக்ராவின் காய்கறி அன்றைக்கே டாக்கா சந்தைக்கு வரத் தொடங்கியது. பத்மா பாலத்தால் தென்மேற்கிலுள்ள மோங்லா துறைமுகம் தலைநகருக்குச் சட்டோகிராமைவிடச் சாலையில் நெருக்கமாகிவிட்டது. ஆனால் பாலம் ஆற்றை அகற்றவில்லை, கடக்கத்தான் செய்கிறது. கரை அரிப்பு தொடர்கிறது. வழிகாட்டுக் கரைகளை ஆண்டுதோறும் காக்க வேண்டும். உயர்த்திப் போட்ட சாலைகள் போதிய மதகின்றி வெள்ளம் வடிவதைத் தடுக்கின்றன. இவற்றைவிடப் பெரிய ஆபத்து மறதி. டாக்காவின் சதர்காட் படகுத்துறையிலிருந்து தெற்கே போகும் லாஞ்சுகள் பாலம் திறந்ததும் பயணிகளை இழந்தன. நாட்டில் மழைக்காலத்தில் சுமார் 6,000 கிலோமீட்டரும் வறட்சிக் காலத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கும் படகு ஓடத் தகுந்த நீர்வழி. பல பத்தாண்டுகளாக முதலீடு சாலைக்கே போனதால் பல தடங்கள் தூர்ந்துபோயின. ஆனால் சிமென்ட் ஆலைக்கான கிளிங்கர், மணல், உரம், எண்ணெய் போன்ற கனச் சரக்கை இன்றும் மிகக் குறைந்த செலவில் சுமப்பவை ஆறுகளே. அந்தச் சுமையை லாரிக்கு மாற்றினால், உடைத்த செங்கல்லால் ஆன சாலைதான் நொறுங்கும்.

ஆகவே புவியியலைப் படிப்பதன் பயன், ஒரு நாடு ஏன் ஏழை நாடு, இன்னொன்று ஏன் பணக்கார நாடு என்று தீர்ப்புச் சொல்வதில் இல்லை. எந்தத் தலைமுறையில் எந்தப் போக்குவரத்துக்கு எந்த நிலம் உதவும், எதற்குத் தடையாகும் என்று கணித்து, ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிடாமல் இருப்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. வங்கதேசம் 2018இல் டச்சு உதவியோடு ஏற்றுக்கொண்ட டெல்டா திட்டம் 2100, வெள்ளத்தையும் வேளாண்மையையும் போக்குவரத்தையும் ஒரே கணக்கில் வைக்க முயல்கிறது. அந்த அணுகுமுறை சரியானது. பாலத்துக்கு ஒதுக்கும் பணத்தோடு தூர்வாரவும் படகுத்துறைக்கும் நிதி ஒதுக்க வேண்டும். இந்தியாவோடு பகிரும் 54 ஆறுகளில் நீர் எவ்வளவு, எப்போது வரும் என்பது வங்கதேசத்தின் கையில் மட்டும் இல்லை. 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணை கொல்கத்தா துறைமுகத்தின் தூரை அகற்றவே கட்டப்பட்டது. அது திருப்பிவிட்ட நீரின் குறைவு வங்கதேசத்தின் தென்மேற்கு ஆறுகளில் கோடைதோறும் உணரப்படுகிறது. 1996இல் கையெழுத்தான 30 ஆண்டு கங்கை நீர் ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. அதன் இடத்தில் வரும் உடன்பாடு வயலுக்கான நீரை மட்டும் அளந்தால் போதாது. படகு மிதக்கத் தேவையான ஆழத்தையும், உப்புநீரைக் கடலுக்குத் தள்ளத் தேவையான ஓட்டத்தையும் அளக்க வேண்டும். ஒரு துறைமுகத்தின் ஆழமும் இன்னொரு நாட்டின் ஆற்றுவழியும் ஒரே நீரை நம்பி இருக்கும்போது, இரு நாடுகளும் கூடி அமர்ந்து பேசுவதே இருவருக்கும் குறைந்த செலவில் முடியும் போக்குவரத்துத் திட்டம்.